பிளாஸ்டிக்க கழட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க: முதல் தடவையா செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கறவங்களுக்கு

எங்க சித்தி பையன் ஒரு மாசமா உயிர வாங்கறான், "அண்ணே செகண்ட் ஹேண்ட்ல யமஹா ஆர்15 எடுக்கலாம்னு இருக்கேன், என்னென்ன பாக்கணும்"னு. வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதான் உக்காந்து மொத்தமா டைப் பண்ணிட்டேன், உங்களுக்கும் ஆவும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கோங்க. பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கறதும் இதுவும் ஒண்ணு இல்ல. ஸ்ப்ளெண்டர் அம்மணமா நிக்கிற வண்டி, எங்க எண்ணெய் கசியுது எங்க அடி பட்டிருக்குன்னு கண்ணுக்கே தெரியும். ஸ்போர்ட்ஸ் பைக் முழுக்கை சட்டை போட்டு இன் பண்ணி நிக்கும், அடி எல்லாம் சட்டைக்குள்ள. நான் மொதல்ல வாங்கினது ஒரு செவப்பு கலர் வி2, அதாவது ஆர்15ல ரெண்டாவது மாடல். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு கன்சல்டிங் கடையில டியூப் லைட் வெளிச்சத்துல பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு, ஷோரூம் கண்டிஷன் தம்பின்னாரு, நானும் நம்பி அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன். ஒரு வாரம் கழிச்சு முன்னாடி டகடகன்னு சத்தம் வருதுன்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனா, அவரு மேல மூடியிருக்கிற பிளாஸ்டிக் கிட்டு மொத்தத்தையும் கழட்டிட்டு என்னைக் கூப்பிட்டு காட்டறாரு, பேனல மாட்டற காது ஒண்ணு கூட முழுசா இல்ல, எம்-சீல் வச்சு ஒட்டி அது மேல பிளாக் டேக் போட்டு இழுத்துக் கட்டியிருக்கு, ரேடியேட்டர் ஒரு மூலையில சப்பளிஞ்சு கெடக்கு. வெளிய மட்டும் புது ஸ்டிக்கர். அன்னிக்கு கத்துக்கிட்டதுதான் தலைப்புல இருக்கிறது.

எந்த வண்டின்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு கெளம்புங்க, மார்க்கெட்ட போய் பாத்து முடிவு பண்ணலாம்னு போனீங்கன்னா சைலன்சர் சத்தத்துக்கு விழுந்துடுவீங்க. ஆர்15ன்னா 2008ல வந்தது மொத மாடல், 2011ல வி2, 2018ல வி3, 2021ல வி4. மொத மாடல இப்ப விட்டுடுங்க, ஆர்சி (பதிவுச் சான்று) 15 வருஷம்தான், ஆரம்பத்துல வந்த வண்டிக்கெல்லாம் அது முடிஞ்சு போச்சு, ரினியூவல்னு ஆர்டிஓ ஆபீஸுக்கு அலையறது மொத வண்டிக்கு தேவையில்லாத வேலை. வி3 எடுக்கறீங்கன்னா 2019லேந்து வந்த ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கறது) வண்டியா பாருங்க, 2018 வண்டியில ஏபிஎஸ் கிடையாது, விலை கம்மியா இருக்கும், அந்த வித்தியாசத்த குடுத்தே ஏபிஎஸ் வாங்கிடறது நல்லது, மழைக்காலத்துல வேளச்சேரி பக்கம் ஒரு தடவ பிரேக் புடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும். இன்னொரு கணக்கு நெறைய பேருக்கு தெரியாது: வி2 149 சிசி, வி3 155 சிசி. பாக்க ஆறு சிசிதான், ஆனா தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 150ல பிரியுது. 2022ல அரசாங்கம் நிர்ணயிச்ச ரேட்படி 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 714 ரூபா, அதுக்கு மேல 350 சிசி வரைக்கும் 1,366, வரி தனி.

கேடிஎம் ஆர்சி 200, 390 ரெண்டும் 2014ல வந்துச்சு, நம்ம ஓசூர்ல செய்யற அப்பாச்சி ஆர்ஆர் 310 2017 கடைசியில. (ஆர்சி வண்டிக்கு ஆர்சி இருக்கான்னு கேட்டு ஒரு தடவ பத்து நிமிஷம் குழம்பினோம், அத விடுங்க.) இதுவரைக்கும் ஸ்கூட்டியும் ஸ்ப்ளெண்டரும்தான் ஓட்டியிருக்கேன்னா 390 பக்கம் இப்ப போகாதீங்க. 40 குதிரைக்கு மேல பவரு, ஆக்சிலேட்டர கொஞ்சம் பதட்டத்துல முறுக்கினா வண்டி நம்மள கேக்காது. பயமுறுத்தல, என் கூட வேலை பாக்கற ஒருத்தரு கை எலும்புல பிளேட்டு வச்சிருக்காரு.

போறதுக்கு முன்னாடியே நம்பர் வாங்கி எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க. எத்தனாவது ஓனர், ஹைப்போ (வண்டி மேல லோன்) இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, எல்லாம் வந்துடும். இ-சலான் சைட்லயும் ஒரு தடவ தட்டிப் பாருங்க, இந்த மாதிரி வண்டிக்கு ஓவர் ஸ்பீடு, சைலன்சர், நம்பர் பிளேட்டுன்னு வரிசையா பாக்கி நிக்கும், அதெல்லாம் பேரு மாத்தறப்ப உங்க தலையில வந்து உக்காரும். "சிங்கிள் ஓனர் ப்ரோ"ன்னு சொன்ன வண்டி ஆப்ல மூணாவது ஓனர்னு வந்தா போகவே வேணாம், இதுலயே பொய் சொல்றவன் மீதியில என்ன சொல்லுவான்.

காலையில போங்க, வெயில் வந்தப்புறம். வர்றேன்னு சொல்லும்போதே "வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்றேன்"னு சொல்லிடுங்க. போனதும் மொத வேலை எஞ்சின் கவர் மேல கைய வைக்கிறது. சூடா இருந்துச்சுன்னா ஏன் சூடாக்கி வச்சிருக்காருன்னு யோசிங்க, குளிர்ந்த எஞ்சின்லதான் புகையும் சத்தமும் உண்மைய பேசும். கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, மெக்கானிக்கா இருந்தா ரொம்ப நல்லது, ஐநூறோ ஆயிரமோ குடுத்து கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா அந்த வண்டி மேல ஆசையே இல்லாத ஒரு பிரெண்டு. ஆசைப்பட்டவன் கண்ணுக்கு கீறல் தெரியாது.

விழுந்த வண்டியான்னு பாக்கறதுதான் முக்கியம், அதுக்கு பெயிண்ட பாக்காதீங்க, ஓரங்கள பாருங்க. ஹேண்டில் பார் முனை, பிரேக் கிளட்ச் லீவரோட உருண்டை நுனி, ஃபுட் ரெஸ்ட் நுனி, சைலன்சர் ஓரம், எஞ்சின் கவர். ஒரு பக்கம் மட்டும் லீவர் புதுசா பளிச்சுன்னு இருந்து இன்னொரு பக்கம் பழசா இருந்தா புதுசு இருக்கிற பக்கம் சாஞ்சிருக்கு. நின்ன எடத்துல சாயறது தப்பில்ல, எல்லா வண்டியும் சாயும். பெரிய அடியான்னு தெரிஞ்சிக்க ஒரு எடம் இருக்கு, விக்கறவங்க பாதி பேருக்கே அது தெரியாது. ஹேண்டில ஒரு பக்கமா முழுசா திருப்புங்க, அது எங்க போய் முட்டி நிக்குதோ அந்த எடத்துல, சேஸ் கழுத்துல, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு இரும்பு மேடு இருக்கும், ஸ்டீயரிங் ஸ்டாப்பர். ரெண்டு பக்கமும் செல் டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயிண்ட் லேசா தேஞ்சிருந்தா அது சாதாரணம். மேடு நசுங்கியிருந்தாலோ, உடைஞ்சு வெல்டு வச்சிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திருப்பினா டேங்க்ல கை இடிச்சாலோ, அந்த வண்டி நல்ல ஸ்பீடுல போய் எங்கயோ மோதியிருக்கு. கிட்டு மாத்தலாம், ஸ்டிக்கர் மாத்தலாம், இத மறைக்கறது கஷ்டம். இது ஒண்ணு பாத்தாலே டீ குடிக்காம கெளம்பிடலாம்.

அப்புறம் சைடு பேனல் ஒண்ண கழட்டச் சொல்லுங்க. அலன் கீ செட்ட நீங்களே எடுத்துட்டுப் போங்க, "டூல்ஸ் இல்ல ப்ரோ"ங்கற பதிலுக்கு வழி விடாதீங்க. பத்து நிமிஷ வேலை. கழட்டமாட்டேன்னு அடம் புடிச்சா அதுவே பதில்தான். உள்ள பேனல் காது, ரேடியேட்டர், வயரிங் மேல இன்சுலேஷன் டேப் சுத்தல், கூலண்ட் காஞ்ச கறை, இதெல்லாம் பாருங்க. சென்னை வண்டின்னா தண்ணில நின்ன வண்டியான்னும் பாக்கணும், 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் எத்தன வண்டிய முழுகடிச்சுதுன்னு உங்களுக்கே தெரியும். சீட்ட தூக்கி அடியில பாருங்க, கனெக்டர் ஒண்ண புடுங்கிப் பாருங்க, பச்சையா பூத்திருந்தா தண்ணி போயிருக்கு. ஹெட்லைட் உள்ள, டேங்க் அடியில மடிப்புல எல்லாம் வண்டல் மண்ணு பவுடர் மாதிரி படிஞ்சிருக்கும், எவ்வளவு வாட்டர் வாஷ் பண்ணாலும் அது போகாது.

ரேஸ் ஓட்டின வண்டியா? இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயும் இருக்கிற ஊர் நம்மளுது, ஆர்15 அங்க நெறைய ஓடும். ஆயில் டிரெயின் போல்ட்டு தலையில குறுக்கால சின்னதா ஓட்டை போட்டிருந்தா அது கம்பி போட்டுக் கட்டறதுக்கு, டிராக்குக்கு போன வண்டின்னு அர்த்தம். அதுக்காக அது மோசமான வண்டின்னு சொல்லமாட்டேன், டிராக் ஓட்டறவன் ஆயில ஒழுங்கா மாத்துவான். எனக்கு பயம் ஈசிஆர்ல வீலிங் அடிச்ச வண்டிங்கதான். பின்னாடி டெயில் அடியில தேய்ப்பு, பின் ஸ்ப்ராக்கெட் கம்பெனி சைசவிட பெருசு, எஞ்சின் பக்கத்துல கேஜ் (விழுந்தா தாங்கற கம்பிக்கூடு) மாட்டின அடையாளம், இதுல ரெண்டு இருந்தா விட்டுடுங்க. முன் வீல தூக்கித் தூக்கி போட்டா ஃபோர்க்கும் கோன் செட்டும் (ஹேண்டில் திரும்பற பேரிங்) என்ன கதி ஆகும்.

இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. மொத செல்ஃப்லயோ ரெண்டாவதுலயோ புடிக்கணும். காலையில லேசா வெள்ள ஆவி வந்து நின்னா ஈரம்தான், நீலமா புகைஞ்சா ஆயில் எரியுது. ஆயில் ஊத்தற மூடிய கழட்டிப் பாருங்க, உள்ள காபி கலர்ல பால் மாதிரி இருந்தா கூலண்ட் கலந்திருக்கு. ஆர்15ல சாதாரண வண்டி மாதிரி சிலிண்டர கடைஞ்சு சரி பண்ற (போர் அடிக்கிற) கதை கிடையாது, டயாசில்ங்கற அலுமினியம்-சிலிக்கான் சிலிண்டர், தேஞ்சா பிளாக்கோட மாத்தணும், அதனால "சின்ன எஞ்சின் வேலை, ரெண்டாயிரத்துல முடிஞ்சிடும்"னு யாராவது சொன்னா சிரிச்சிட்டு வந்துடுங்க. பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க, சூடு ஏறி ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்தணும். அந்த பத்து நிமிஷத்துல டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் தேடுங்க, 2319ன்னு இருந்தா 2019ல 23ஆவது வாரம் செஞ்ச டயர். பட்டன் இருக்குன்னு காட்டுவாங்க, அஞ்சாறு வருஷம் ஆன ரப்பர் கல்லு மாதிரி ஆயிருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்ல செயின பின்பக்கமா இழுத்துப் பாருங்க, பல்லு பாதி தெரியற அளவுக்கு தூக்கிட்டு வந்தா செட்டே மாத்தணும். டிஸ்க்குல குறைஞ்சபட்ச தடிமன் எத்தன மில்லின்னு பொறிச்சிருக்கும். முன் ஃபோர்க்க அமுக்கி விட்டு குழாய்ல விரல் வைங்க, எண்ணெய் ஒட்டினா சீல் போச்சு. இதெல்லாம் வண்டிய வேணாம்னு சொல்ற விஷயம் இல்ல, விலைய கொறைக்கற விஷயம். ரெண்டு டயரும் செயின் செட்டும் மாத்தினாலே பத்தாயிரத்த தாண்டிடும், அத பேரத்துல கழிங்க.

ஓட்டிப் பாக்க குடுக்கலன்னா வாங்காதீங்க, ஆனா அவங்க பயமும் நியாயம்தான், எடுத்துட்டு ஓடினவங்க இருக்காங்க, அதனால உங்க வண்டி சாவிய குடுத்துட்டுப் போங்க. ஆறு கியரும் போடுங்க, எறக்குங்க. காலி ரோடுல நாப்பதுல போகும்போது கைய இறுக்கிப் புடிக்காம லேசா வைங்க, ஒரு பக்கம் இழுத்தா சேஸோ வீலோ ஃபோர்க்கோ ஏதோ ஒண்ணு நேரா இல்ல. வி3ன்னா 7,400 ஆர்பிஎம் தாண்டறப்ப மீட்டர்ல விவிஏ (வால்வ் தெறக்கறத மாத்தற சிஸ்டம்) எழுத்து வரும், இழுவையும் மாறும். இன்னொண்ணு, அரை மணி நேரமாவது குனிஞ்சு உக்காந்து ஓட்டிப் பாருங்க, மணிக்கட்டும் இடுப்பும் என்ன சொல்லுதுன்னு கேளுங்க, தெனமும் தாம்பரத்துலேந்து கிண்டிக்கு டிராஃபிக்ல போறவன் இத யோசிக்காம வாங்கிட்டு மூணே மாசத்துல வித்தத நான் பாத்திருக்கேன்.

பேப்பருக்கு வரேன். சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்சியோட எழுத்துக்கு எழுத்து பாருங்க, தேய்ச்ச மாதிரி இருந்தா பேசாம கெளம்புங்க. ஹைப்போ இருந்தா பேங்க் என்ஓசியும் ஆர்சியில லோன நீக்கற ஃபார்ம் 35ம் வேணும், "லோன் கட்டி முடிச்சாச்சு, என்ஓசி அடுத்த வாரம் வரும்"னா நீங்களும் காச அடுத்த வாரமே குடுங்க. பேரு மாத்த ஃபார்ம் 29, 30 ரெண்டும் விக்கறவர் கையெழுத்தோட. ஒரே மாநிலத்துக்குள்ளன்னா விக்கறவர் 14 நாள்ல ஆர்டிஓவுக்கு சொல்லணும், வாங்கறவர் 30 நாளுக்குள்ள. மெதுவா மாத்திக்கலாம்னு விடாதீங்க. இன்சூரன்ஸும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு எழுதிக் குடுங்க, நோ க்ளைம் போனஸ் பழைய ஓனரோடதான் போகும், அத கணக்குல சேக்காதீங்க. "இன்சூரன்ஸ் இருக்கு"ன்னா எதுன்னு கேளுங்க, 2018 செப்டம்பர்லேந்து புது வண்டிக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி சேத்தே குடுக்கறாங்க, அது இருக்கும், நம்ம வண்டிக்கு அடி பட்டா குடுக்கற கவர் எப்பவோ முடிஞ்சிருக்கும். பெங்களூர் வண்டி சீப்பா கெடைக்குதுன்னு ஆசைப்பட்டா அங்கேந்து என்ஓசி, இங்க திரும்ப லைஃப் டாக்ஸ், அத கூட்டிப் பாத்தா சீப்பு எங்க போச்சுன்னு தேடணும். சாவி ரெண்டும் வாங்குங்க. வேற சைலன்சர் மாட்டியிருந்தா கம்பெனி சைலன்சர கேட்டு வாங்குங்க, இல்லன்னா புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல போய் தேடிட்டு நிக்கணும். டெலிவரி நோட்டுல தேதி மட்டும் இல்ல, நேரமும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து, அதுக்கு முன்னாடி அந்த வண்டி என்ன பண்ணியிருந்தாலும் உங்களுது இல்ல.

காசு குடுத்துட்டு நேரா மெக்கானிக்கிட்ட விடுங்க, கொல்லிமலை 70 வளைவும் எங்கயும் போகாது. ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் நாலையும் மாத்துங்க, கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு விக்கறவர் சொன்னது என்னவா இருந்தாலும். பழைய ஆயில் வடியும்போது பக்கத்துல நில்லுங்க, ரெண்டு சொட்டு விரல்ல எடுத்து வெயில்ல தேய்ச்சுப் பாருங்க. கருப்பா இருந்தா பரவாயில்ல. ஜிகினா மாதிரி மின்னுச்சுன்னா அது உள்ள தேஞ்ச உலோகத் தூள், புது ஆயில் டப்பாவ ஒடைக்காதீங்க, மொதல்ல கிளட்ச் கவர கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.