வெள்ளாமைக்கும் பட்டிக்கும் காப்புறுதி: இழப்பீட்டைக் கைநழுவ விடும் தவறுகள்

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தாழ்நில வட்டைகள் (வயல்வெளிகள்) நாள்கணக்கில் நீருக்குள் கிடந்தன. நீர் வடிந்த பின்னர் இழப்பீடு கேட்டுச் சென்ற எனக்குத் தெரிந்த சிலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களுடைய பயிர் அழிந்ததை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போகத்தில் (பயிர்ப் பருவத்தில்) அந்தக் காணியை விதைத்தவர்கள் அவர்கள்தான் என்பதற்கு ஏடுகளில் சான்று இருக்கவில்லை.

2018 ஆம் ஆண்டு முதல் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கு வெள்ளம், வரட்சி, காட்டு யானை ஆகியவற்றால் ஏற்படும் அழிவுக்காக, ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா என்ற அளவில் அரசின் கட்டணமில்லாத காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லை என்பதால் தாம் செய்ய வேண்டியதும் எதுவுமில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். விதைத்தவர் யார், எந்தக் கண்டத்தில் (வயற்பகுதியில்) எத்தனை ஏக்கர் விதைத்தார் என்ற விபரம் கமநல சேவை நிலையத்தின் பதிவில் போகத்துக்குப் போகம் சரியாக இருந்தால்தான் கோரிக்கை நகரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் குத்தகைக்குச் செய்பவர்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். காணிக்காரர் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் இருப்பார், ஏக்கர் வரி அவர் பெயரிலேயே போகும், குத்தகை வாய்ப்பேச்சோடு முடிந்திருக்கும். எனவே குத்தகை உடன்படிக்கையை எழுத்தில் எடுத்து, அதன் பிரதியை விதைப்புக்கு முன்பே கமநல சேவை நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆறு ஏக்கர் விதைத்துவிட்டு நான்கு ஏக்கரைப் பதிவதும், விதைக்காத ஏக்கரைச் சேர்த்துப் பதிவதும் ஒரே அளவுக்குத் தீங்கானவை. முன்னது பணத்தைக் குறைக்கும், பின்னது முழுக் கோரிக்கையின் மீதும் சந்தேகத்தை எழுப்பும்.

மாரிகாலப் பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்குப் போகாமல் விடுவதும் அத்தகைய தவறுதான். விதைப்பை முடிக்க வேண்டிய திகதி, செய்ய வேண்டிய நெல்லின் வயது, நீர் திறக்கும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. அந்தத் திகதிக்குப் பிந்தி விதைத்த வயல் அழிந்தால், மற்றவர்களின் வயலோடு அதைச் சேர்த்துக் கணக்கெடுக்கும்படி வாதாடுவது கடினம்.

ஆனால் என் மனதை மிகவும் வருத்துவது, அழிவுக்குப் பிந்திய சில நாட்களில் நடக்கும் தவறு. என் மச்சானின் வயலில் கதிர் முற்றிய பருவத்தில் வெள்ளம் ஏறி, பயிர் முழுவதும் சாய்ந்துவிட்டது. மதிப்பீட்டுக்கு ஆள் வருவதற்குள் வெட்டு மெசின் அந்தப் பக்கம் வந்ததால், மிஞ்சியதையாவது எடுப்போம் என்று ஒரே பகலில் வெட்டி முடித்துவிட்டார். மூன்றாம் நாள் வந்த உத்தியோகத்தர் வரம்பில் நின்று, "வெட்டின வயலுக்குள்ள நான் எதைப் பாத்து எழுதுறது, அண்ணன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து அனுமதி கேட்க வேண்டும். வயலின் நடுவில் ஒரு பகுதியை வெட்டாமல் விட வேண்டும். வரம்பும் வாய்க்காலும் பக்கத்து வயலும் தெரியும்படி திகதியோடு படமெடுக்க வேண்டும். சாய்ந்த கதிரை மட்டும் கிட்ட வைத்து எடுத்த படம் எந்த வயலுடையதாகவும் இருக்கலாம். யானை இறங்கிய வயலில் காலடித் தடம் அடுத்த மழைக்கு நிற்காது என்பதால், விடிந்தவுடனே படமெடுத்து வட்டையின் நீரையும் செய்கையையும் மேற்பார்க்கும் வட்டை விதானைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிப்பது அவசியம்.

ஏக்கருக்கான அந்த 40,000 ரூபா இழப்பீடு, உழவுக் கூலி, விதைநெல், உரம், களைநாசினி, வெட்டுக் கூலி அனைத்தையும் கூட்டினால் வரும் செலவை ஈடுசெய்யாது. அதுவும் அதிகபட்சத் தொகையே. சேதத்தின் அளவுக்கேற்ப அது குறையும். அறக்கொட்டி போன்ற பூச்சித் தாக்கத்துக்கும் பாதுகாப்பு வேண்டுமானால், கட்டணம் செலுத்தி எடுக்கும் காப்புறுதியில் அது அடங்குகிறதா என்று விதைப்புக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

மாட்டுப் பட்டி வைத்திருப்போரின் கதை இன்னும் வேதனையானது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்தன. மாட்டுக் காப்புறுதி காதுத் தகட்டின் இலக்கத்தில் தங்கியிருக்கிறது. மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளில் பற்றைக்குள் திரியும் மாட்டின் தகடு கிழிந்து விழுவது வழமை. அதை உடனே அறிவித்துப் புதுத் தகடு போடாவிட்டால், காப்புறுதி செய்த மாடும் செய்யாத மாடாகிவிடும். இறந்த மாட்டை மிருக வைத்தியர் பார்த்துச் சான்றிதழ் தரும் முன் புதைப்பதும், தகடுள்ள காதைப் பாதுகாக்காமல் விடுவதும் கோரிக்கையை அங்கேயே முடித்துவிடும். பத்துப் பசுக்களுக்கு மட்டும் காப்புறுதி செய்துவிட்டு நாற்பதுக்கும் செய்ததாக நினைத்திருந்தவரையும் நான் கண்டிருக்கிறேன்.

நெற்களஞ்சியம், கோழிக்கூடு, நீர்ப்பம்பி போன்றவற்றுக்கான தீக் காப்புறுதியில் வெள்ளமும் சூறாவளியும் பெரும்பாலும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியவை. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மாவட்டத்தில் அந்த வரியை வாசிக்காமல் ஒப்பமிடக் கூடாது. கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதும் பின்னர் தண்டிக்கும்: 20 இலட்சம் பெறுமதியான களஞ்சியத்தை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 6 இலட்ச ரூபா சேதத்துக்கு விகிதாசாரப்படி 3 இலட்சமே கிடைக்கும்.

உழவு இயந்திரத்துக்கு எடுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி அந்த இயந்திரத்தின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. அதன் பெட்டியில் வெட்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதானால், பத்திரத்தில் அந்தப் பயன்பாடு அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வரக் கூடாது. காரணத்தைத் தமிழில், எழுத்தில் தரும்படி கேட்டு, முதலில் அதே நிறுவனத்தின் மேலதிகாரிக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். தனியார் காப்புறுதி நிறுவனமாயின், அதன் பின்னர் 2005 ஆம் ஆண்டு முதல் இயங்கும் காப்புறுதி ஒம்பூட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவரிடம்) முறையிடலாம்; அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த நிராகரிப்புக் கடிதந்தான்.