காருக்குள் தண்ணீர் கசிகிறதா? நுழையும் வழியைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

காருக்குள் ஈரம் கண்டதும் பலர் முதலில் வாங்குவது ஒரு டியூப் சிலிக்கான் பசை. அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள், பெரும்பாலும் தேவையே படாது. வண்டியின் உடலுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பான விஷயம். கதவின் உள்கூடு, சன்ரூஃபைச் சுற்றியுள்ள தட்டு, வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளம் ஆகிய இடங்களில் தண்ணீர் இறங்கட்டும் என்று விட்டு, அது வெளியேற ஓட்டைகளும் குழாய்களும் வைத்தே வண்டியைக் கட்டுகிறார்கள். அந்த வழி இலையாலும் மண்ணாலும் அடைபட்டால் நீர் தேங்கி, நிரம்பி, கேபினுக்குள் வழியும். ஆகவே அடைப்பை எடுப்பதுதான் பாதி வேலை. பிய்ந்த ரப்பரையும் பிடிப்பு விட்ட பசை ஒட்டுகளையும் சரிசெய்வது மீதி.

ஈரம் தெரியும் இடத்திலேயே தண்ணீர் நுழைகிறது என்றும் நினைக்காதீர்கள். கூரை ஓரத்தில் நுழைந்த நீர் கூரையைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அங்கே போய்த் தேங்கும். பின் இருக்கையின் காலடி நனைந்திருக்கும், கசிவோ முன் கண்ணாடி ஓரத்தில் இருக்கும்.

படி 1: வந்தது எந்தத் தண்ணீர்?

வெள்ளை டிஷ்யூ தாளை ஈரத்தின் மேல் அழுத்தி எடுத்து, நிறத்தையும் வாசனையையும் பாருங்கள்.

நிறமும் வாசனையும் இல்லாமல், மழையே பெய்யாத நாளில், ஏசி ஓடிய பிறகு மட்டும் முன் இருக்கைக் காலடி நனைந்தால் அது ஏசி தண்ணீர். மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு மட்டும் வந்தால் வெளியிலிருந்து நுழைகிறது. பின் கண்ணாடிக்கு வைப்பர் உள்ள வண்டியில், கூரை உள்துணியின் ஓரத்திலோ டிக்கியிலோ சோப்பு வாசனையோடு ஈரம் இருந்தால், கண்ணாடி கழுவும் நீர் போகும் மெல்லிய குழாய் எங்கோ கழன்றிருக்கிறது.

பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் தெரிந்து, இனிப்பு வாசனையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போல மூட்டம் படியும், கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வரும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (சூடான கூலன்டால் கேபின் காற்றைச் சூடாக்கும் பகுதி) ஓட்டையாகியிருக்கலாம், அல்லது அதன் குழாய் இணைப்பு கசியலாம். இதை நீங்களே செய்ய முயல வேண்டாம். பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை இது. வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம் என்பதால் குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அந்த இடத்துக்கு அண்டவிடக் கூடாது.

படி 2: கையில் இருக்க வேண்டியவை

நல்ல டார்ச், பழைய செய்தித்தாள், டால்கம் பவுடர், நுனியில் நாசில் இல்லாத தோட்டக் குழாய், கிளிப்புகளை நெம்ப பிளாஸ்டிக் டிரிம் கருவி, 2 மி.மீ. தடிமனுள்ள உருண்டையான நைலான் இழை 2 மீட்டர், பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் நாடா), ரப்பருக்கான சிலிக்கான் கிரீஸ். புல்வெட்டும் மெஷினுக்கு விற்கும் நைலான் இழையே போதும். அதன் நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி மொட்டையாக்கிக்கொள்ளுங்கள், கூர்முனை குழாயைக் குத்திக் கிழித்துவிடும். இவற்றோடு, உள்ளே உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

படி 3: உள்ளே திறந்து வையுங்கள்

மேட்டை எடுத்து, கதவுப்படி மேலுள்ள பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி நெம்பிக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்குங்கள். அடியில் விரலளவு தடிமனில் ஸ்பாஞ்ச் இருக்கும். கார்பெட் மேலே காய்ந்து தெரியும்போதும் இந்த ஸ்பாஞ்ச் லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கையால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

கார்பெட்டை முழுதாகத் தூக்க இருக்கையைக் கழற்ற வேண்டி வந்தால், இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே இருக்கைக்கு அடியிலுள்ள கனெக்டரைப் பிரியுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் என்றால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் தொடாதீர்கள்.

தரையைத் துடைத்து உலர்த்தி, சந்தேகமுள்ள இடத்தில் டால்கம் பவுடர் தூவுங்கள். தண்ணீர் ஓடி வந்தால் அதன் தடம் பவுடரில் கோடாகத் தெரியும். செய்தித்தாளையும் அங்கங்கே விரித்து வைக்கலாம்.

படி 4: தண்ணீர் விட்டுப் பார்த்தல்

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, கதவுகளை மூடுங்கள். வெளியே இருப்பவர் குழாயிலிருந்து மெதுவாக ஓடும் தண்ணீரைக் கீழிருந்து தொடங்கி விட வேண்டும். முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவுக் கண்ணாடியின் அடிவிளிம்பு, அடுத்து முன் கண்ணாடியின் அடிவிளிம்பு, அதன் பக்கங்கள், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது 5 நிமிடம் கொடுங்கள். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது காரணம் என்று பிரிக்கவே முடியாது. பிரஷர் வாஷர் கூடவே கூடாது. மழையில் ஒருநாளும் நுழையாத இடத்திலெல்லாம் அது தண்ணீரைத் திணிக்கும், இல்லாத கசிவைத் தேடி அலைவீர்கள்.

உள்ளே முதல் துளி தெரிந்ததும் நிறுத்திவிட்டு, அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று மேல்நோக்கித் தேடுங்கள். சமதளத்தில் எதுவும் வராவிட்டால் வண்டியைச் சரிவில் முன்பக்கம் உயரமாகவும், பிறகு தாழ்வாகவும் நிறுத்திப் பாருங்கள்.

படி 5: இடத்துக்கு ஏற்ற பழுதுபார்ப்பு

ஏசி வடிகுழாய்: ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் உள்ளேயுள்ள எவாப்பரேட்டர் என்ற குளிர்விக்கும் பகுதியில் குளிர்ந்து நீராகி, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் 15 நிமிடம் ஏசி போட்டும் அடியில் ஒரு சொட்டும் விழவில்லை என்றால் குழாய் அடைபட்டிருக்கிறது. வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். இன்ஜின் பக்கத் தகரச் சுவரின் கீழ்ப்பகுதியில், கட்டைவிரல் தடிமனில் கீழ்நோக்கி வளைந்த ரப்பர் குழாயாக அது இருக்கும். கீழிருந்து நைலான் இழையைச் சில சென்டிமீட்டர் மட்டும் நுழைத்துத் திருகுங்கள். ஆழமாகவோ, கம்பியாலோ குத்தினால் எவாப்பரேட்டர் ஓட்டையாகிவிடும். தேங்கிய நீர் சட்டென்று கொட்டும், முகத்தை விலக்கி வையுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும்.

வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளம்: பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டியென்றால் இலைகள் மக்கிச் சேறாகியிருக்கும். கேபினுக்குக் காற்று இழுக்கும் வாய் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. நீர்மட்டம் அதைத் தாண்டினால் கேபின் ஃபில்டர் வழியாக உள்ளே இறங்கும், புளோயர் மோட்டாரும் கெடும். ஃபில்டரை உருவிப் பாருங்கள். ஈரமும் இலைத்தூளும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சேற்றைக் கையால் அள்ளி எடுத்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும், முதலிலேயே ஊற்றினால் சேறு வடிகால் ஓட்டைக்குள் போய் இறுகும். இருபக்கமும் ஊற்றிய நீர் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஓடி வர வேண்டும்.

சன்ரூஃப்: அதன் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. கசியும் நீரைச் சுற்றுத் தட்டு வாங்கி, பெரும்பாலான வண்டிகளில் நான்கு மூலையிலுள்ள குழாய்கள் வழியாக இறக்குகிறது. சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் 200 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தேங்காமல் இறங்கி வண்டிக்கு அடியில் வர வேண்டும். வராத மூலையில் நைலான் இழையை முறுக்கிக்கொண்டே இறக்குங்கள். கம்ப்ரெஸர் காற்று அடிக்காதீர்கள். தூணுக்குள் இருக்கும் குழாய் இணைப்பு பிடுங்கிக்கொண்டால், அடைப்பு போய் பெரிய கசிவு வந்து சேரும். இழை முழுக்க இறங்கியும் நீர் உள்ளே வந்தால் குழாய் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். தூணின் உறைக்குள் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும், எனவே அதை ஒர்க்‌ஷாப்பில் கழற்றச் சொல்லுங்கள்.

கதவு: ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் முழுதாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை இது, நிறைய வண்டிகளில் உண்மையான காரணமும் இதுதான். கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் கதவின் உள்கூட்டில் விழுந்து, அடியிலுள்ள ஓட்டைகள் வழியாகப் போக வேண்டும். கேபின் பக்கம் வராமல் தடுப்பது, கதவு உறைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு தாள் அல்லது மெல்லிய ஃபோம். ஸ்பீக்கர் மாற்றியவர்களோ கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுது பார்த்தவர்களோ அதைக் கிழித்துவிட்டு அப்படியே உறையை மாட்டியிருப்பார்கள்.

முதலில் கதவின் அடி ஓட்டைகளைக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் கசிந்தால் உறையைக் கழற்றலாம். கைப்பிடிக்குள்ளும் கை வைக்கும் மேடைக்குள்ளும் மறைந்திருக்கும் ஸ்குரூக்களை எடுத்து, ஓரக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, உறையை மேல்நோக்கித் தூக்குங்கள். சுவிட்ச் வயரையும் கைப்பிடி கேபிளையும் பிரிக்கும்வரை பிடித்து இழுக்காதீர்கள். தாளின் ஓரத்தில் கறுப்புப் பசை தூசி படிந்து காய்ந்திருக்கும் இடம்தான் கசியும் இடம். அந்தப் பசையைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பியூட்டைல் டேப்பை இடைவெளியே இல்லாமல் ஒரே வளையமாக ஒட்டி, ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி அழுத்துங்கள். தாளின் அடிவிளிம்பு கதவின் உள்கூட்டுக்குள் செருகியிருக்க வேண்டும். அது வெளியே நின்றால் வழியும் நீர் நேராகக் கார்பெட்டுக்குத்தான் வரும். கிழிசல் பெரிதாக இருந்தால் புதுத் தாள் போடுங்கள். பக்கவாட்டு மோதலை அறியும் அழுத்த உணரி சில வண்டிகளில் இந்தக் கூட்டுக்குள் இருக்கிறது. கதவு காற்றுப்புகாமல் மூடியிருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். உறையை மாட்டும் முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தண்ணீர் ஊற்றித் தாளைப் பாருங்கள்.

கதவு ரப்பர்: ஒரு காகிதத் துண்டை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் தட்டையாகியிருக்கும், அல்லது பள்ளத்திலிருந்து வெளியேறியிருக்கும். சுத்தம் செய்து, சரியாக உட்காரவைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வெடித்துவிட்டால் மாற்றுவதே வழி.

டிக்கி: ஸ்டெப்னிப் பள்ளத்தில் நீர் நின்றால் டெயில் லேம்ப் கேஸ்கெட்டையும், பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றுப் போக்கியின் ரப்பரையும், உயரத்திலுள்ள பிரேக் லைட்டையும் சோதியுங்கள். பள்ளத்தின் அடியிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டால் தண்ணீர் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், சைலன்சர் புகை அந்த ஓட்டை வழியாகக் கேபினுக்குள் வரலாம்.

முன் கண்ணாடி: ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று எடுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடியின் வெளி ஓரத்தில் சோப்பு நுரை தடவுங்கள். இடைவெளி உள்ள இடத்தில் குமிழி எழும். கண்ணாடியை எடுத்து, துரு இருந்தால் நீக்கி, பாலியூரித்தேன் பசையில் மறுபடி பொருத்துவதுதான் இதற்குத் தீர்வு. கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். விபத்தில் கூரையையும் பயணி பக்க ஏர்பேக்கையும் தாங்குவதில் அந்த ஒட்டுக்குப் பங்கு இருக்கிறது. மேலே சிலிக்கான் பூசினால், பின்னாளில் அந்த இடத்தில் பாலியூரித்தேன் ஒட்டாது. வினிகர் வாசனை வீசும் வகை சிலிக்கான் தகரத்தையும் அரிக்கும்.

படி 6: உலர்த்துதல்

ஈரம் இழுக்கும் வாக்குவம் கிளீனரால் முடிந்தமட்டும் இழுத்துவிட்டு, கார்பெட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி, இடைவெளியில் மின்விசிறிக் காற்று போகும்படி வையுங்கள். 2 அல்லது 3 நாள் ஆகும். வெயிலில் ஜன்னலை மூடி நிறுத்தினால் ஈரம் ஆவியாகி உள்ளேயே சுற்றிவரும், எனவே திறந்து வையுங்கள். ஈர ஸ்பாஞ்சில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதன் மேல் வாசனைத் திரவியம் அடிப்பதில் பயனில்லை.

கார்பெட் தூக்கியிருக்கும்போதே அடியில் ஓடும் வயர் கனெக்டர்களைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் பேட்டரியைக் கழற்றிய நிலையிலேயே எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். மஞ்சள் கனெக்டர்களை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள். சும்மா விட்டால் மாதங்கள் கழித்து, சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியும்.

கார்பெட்டை மூடுவதற்கு முன் படி 4-ஐ அதே இடத்தில் இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு வண்டியில் இரண்டு கசிவு இருப்பது அபூர்வமல்ல. உலர்ந்த ஸ்பாஞ்சுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விட்டுவைத்து, அடுத்த பெருமழைக்குப் பிறகு உருவிப் பாருங்கள்.