வாங்கிக் குவித்த பழைய கேம்களை முடிக்க ஒரு வழி

பழைய கேம்கள் எப்படியோ சேர்ந்துவிடும். தள்ளுபடியில் வாங்கும் ஒரு தொகுப்பிலேயே பத்துப் பதினைந்து இருக்கும். முடிப்பதுதான் நடக்காது. என் பட்டியல் இப்போதுதான் குறைய ஆரம்பித்திருக்கிறது. எனக்குக் கைகொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன். எமுலேட்டர் (பழைய கன்சோலின் கேம்களைக் கணினியிலோ போனிலோ ஓட்டும் மென்பொருள்) நிறுவுவது, கன்ட்ரோலர் இணைப்பதெல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பட்டியல்

சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். கேமின் பெயர், எந்தக் கன்சோல், எத்தனை மணி நேரம் ஆகும், எங்கே நிறுத்தினேன் என்று நான்கே விவரங்கள். இதற்கென்றே ஆப்கள் உண்டு, எனக்கு அவை ஒத்துவரவில்லை. அட்டைப்படம் சேர்ப்பதிலும் நட்சத்திரம் போடுவதிலும் விளையாட வேண்டிய நேரம் போய்விடுகிறது.

நேரக் கணக்குக்கு ‘ஹவ் லாங் டு பீட்’ தளத்தைப் பாருங்கள். சூப்பர் மெட்ராய்டு ஏழெட்டு மணி நேரத்தில் முடியும். கிரோனோ டிரிகருக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நீளமான ஒன்று முடிந்ததும் குட்டியாக இரண்டு எடுங்கள். நீண்ட கதையுள்ள ரோல்பிளேயிங் கேம்கள் இரண்டை மட்டும் ஒரே சமயத்தில் தொடாதீர்கள், இரண்டு கதையும் மறந்துபோகும்.

படி 2: ‘முடிந்தது’ என்றால் என்ன?

இதை ஆரம்பிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். சூப்பர் மாரியோ வேர்ல்டில் கடைசி எதிரியான பவுசரை வென்றால் போதுமா, கட்டங்களிலிருந்து வெளியேறும் 96 வழிகளையும் கண்டுபிடிக்க வேண்டுமா? கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸில் கடைசி வரை போனதும், மறுபடியும் முதலிலிருந்து வா என்று அனுப்பிவிடும். எனக்கு அதில் முதல் சுற்றே போதும். பேக்மேன் போன்றவற்றுக்கு முடிவு என்று ஒன்றை வைக்கவே இல்லை (256ஆவது கட்டத்தில் பாதித் திரை குழம்பிப்போய் கேம் நின்றுவிடும்). அவற்றுக்கு ஒரு ஸ்கோரை இலக்காக வையுங்கள்.

படி 3: சரியான பதிப்பு

ஐரோப்பியப் பதிப்புகள் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 முறை திரை மாறும்) டிவிக்காக வந்தவை. பலவற்றில் வேகத்தைச் சரிசெய்யாமலே விட்டுவிட்டார்கள். அதனால் சுமார் 17 சதவீதம் மெதுவாக ஓடும். 1991இல் வந்த முதல் சோனிக்கில் பாட்டு கூட இழுக்கும். 60 ஹெர்ட்ஸில் ஓடும் அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகளையே எடுங்கள்.

படி 4: சேவ்

நிதானமாகப் படியுங்கள். பாதியில் கைவிட்ட கேம்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தொலைந்த சேவ் இருக்கும். எனக்கும் விளங்க நாளான விஷயம் இதுதான்.

சேவ் இரண்டு வகை. ஒன்று, கேமுக்குள்ளேயே செய்வது. அந்தக் காலக் கார்ட்ரிட்ஜில் ஒரு சின்ன நினைவகச் சிப்பும், அதை உயிரோடு வைத்திருக்க ஒரு பட்டன் பேட்டரியும் இருந்தன. எமுலேட்டர் அந்தச் சிப்பில் இருப்பதை எஸ்ஆர்எம் என்று முடியும் கோப்பாக எழுதுகிறது. இன்னொன்று சேவ் ஸ்டேட். கன்சோலின் மொத்த நினைவகத்தையும் அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைப்பது.

மொத்த நினைவகம் என்றால் அந்தச் சிப்பும் சேர்த்துத்தான்! வில்லங்கம் இங்கேதான். ஞாயிறன்று ஒரு சேவ் ஸ்டேட் எடுக்கிறீர்கள். வாரம் முழுக்க கேமுக்குள் ஒழுங்காகச் சேவ் செய்கிறீர்கள். சனிக்கிழமை கை தவறி அந்தப் பழைய ஸ்டேட்டைத் திறந்தால், சிப்பும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். கேமை மூடும்போது அந்தப் பழைய சேவ் புதியதன் மேல் எழுதப்படும். ஒரு வார விளையாட்டு போச்சு.

பல கன்சோல்களின் எமுலேட்டர்களை ஒரே ஆப்பில் தரும் ரெட்ரோஆர்ச்சில் இன்னொன்று: எஸ்ஆர்எம் கோப்பு வழக்கமாக, கேமை முறையாக மூடும்போதுதான் எழுதப்படும். போனில் ஆப்பைத் தள்ளி மூடினால் எழுதாமலே போகலாம்.

ரெட்ரோஆர்ச் செட்டிங்ஸில் சேவிங் பகுதிக்குப் போங்கள். அங்கே சேவ்ரேம் என்பது நான் சொன்ன அந்தச் சிப்புதான். ‘சேவ்ரேம் ஆட்டோசேவ் இன்டர்வெல்’ என்பதைப் பத்து விநாடி என்று வையுங்கள். சேவ் ஸ்டேட் திறக்கும்போது சேவ்ரேமை மாற்றாதே என்று ஒரு தேர்வு இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். அப்புறம் தினமும் கடைசியாகக் கேமுக்குள் சேவ் செய்து, ‘க்ளோஸ் கன்டென்ட்’ கொடுத்தே வெளியே வாருங்கள். எமுலேட்டர் அப்டேட் ஆனால் பழைய ஸ்டேட்டுகள் திறக்காமல் போகலாம். எஸ்ஆர்எம் கோப்பை வேறு எமுலேட்டருக்குக்கூடக் கொண்டுபோகலாம்.

கஷ்டமான கேம்களில் ஸ்டேட் பயன்படுத்துவது தப்பே இல்லை. ஆனால் கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் எடுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் எடுத்தால் பாஸ் (கட்டத்தின் கடைசியில் வரும் பெரிய எதிரி) எப்படி அடிக்கிறது என்பதே கடைசி வரை மனதில் பதியாது.

படி 5: கையேடு

இதைத் தவிர்க்கவே கூடாது. அன்றைய கேம்கள் பாதி விஷயத்தைக் காகிதத்தில்தான் சொல்லின. 1990இல் வந்த ஸ்டார்டிராபிக்ஸ் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்தால் 747 என்ற எண் தெரியும், அது இல்லாமல் கேம் நகராது. 1998இன் மெட்டல் கியர் சாலிடில் மெரில் என்ற கதாபாத்திரத்தின் ரேடியோ அலைவரிசை சிடி பெட்டியின் பின்பக்கப் படத்தில் இருக்கிறது. இது தெரியாதவர்கள் கேமுக்குள்ளேயே பெட்டியைத் தேடி அலைவார்கள். இன்டர்நெட் ஆர்கைவில் ஏராளமான கையேடுகள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. தொடங்கும் முன் பத்து நிமிடம் புரட்டுங்கள்.

படி 6: ஒரு வரிக் குறிப்பு

நிறுத்தும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சூப்பர் மெட்ராய்டுக்கு இப்படி: “கிராப்ளிங் பீம் கிடைத்தது, அடுத்து கிராட்டீரியாவின் கிழக்கில் உடைந்த கப்பல்.” இது போதும், ஒரு மாதம் கழித்தும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பின்சேர்க்கை

மெகா மேன் 2 போன்ற, சேவுக்குப் பதில் பாஸ்வேர்டு தரும் கேம்களுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். எழுதி வைக்க வேண்டாம், திரையைப் போட்டோ எடுங்கள். அதன் பாஸ்வேர்டு, சதுரக் கட்டங்களில் வைக்கும் புள்ளிகள்தான். ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஏற்காமல் போகலாம்.

பலருக்கும் வந்த இன்னொரு சிக்கல்: பிளேஸ்டேஷனில் இரண்டாவது டிஸ்க்கைத் திறந்தால் மெமரி கார்டு காலியாக இருக்கிறது. சேவ் தொலையவில்லை. கோப்பின் பெயருக்கு ஒரு மெமரி கார்டு என்று எமுலேட்டர் வைத்திருக்கிறது, டிஸ்க் 2 அதற்கு வேறு கேம். ஃபைனல் ஃபேன்டஸி 7க்கு மூன்று டிஸ்க். மூன்று கோப்புகளின் பெயரையும் வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, எம்3யூ என்று முடியும் பெயரில் அதே ஃபோல்டரில் சேமியுங்கள். இனி அதையே திறங்கள். டிஸ்க்கை மாற்றச் சொல்லும்போது மெனுவில் ‘டிஸ்க் கன்ட்ரோல்’ போய் மாற்றினால் போதும். ஏற்கெனவே டிஸ்க் 1 பெயரில் சேவ் இருந்தால், அந்த எஸ்ஆர்எம் கோப்பை நகலெடுத்து எம்3யூ கோப்பின் பெயரையே வைத்துவிடுங்கள் (கடைசியில் எஸ்ஆர்எம் என்பது மட்டும் மாறக் கூடாது).