வன்னி ஆறுகளில் மிதவைப் பயணம்: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரு கரையிலும் மருத மரங்கள் கவிந்து நிற்க, துடுப்பை அதிகம் தொடாமல், நீரோட்டம் கொண்டுபோகும் வேகத்தில் ஓர் ஆற்றில் இறங்கிச் செல்வது வன்னியில் கிடைக்கக்கூடிய மிக அழகான அனுபவங்களுள் ஒன்று. அதில் ஆசைப்படுவோரின் தொகை கூடிவருவது எனக்கு மகிழ்ச்சியையே தருகிறது. இத்தகைய பயணத்தில் நேரக்கூடிய ஆபத்துகளுள் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்து நாள் குறிக்கும்போதே தடுத்துவிடலாம் என்பதால், திட்டமிடுவோர் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். வன்னியில் ஆற்றைத் தனியே எடுத்துத் திட்டமிட முடியாது. குளங்களின் வரவும் செலவுமே இங்கு ஆறாக ஓடுகின்றன. இதை மனத்தில் கொள்ளாமல் போடப்படும் எந்தத் திட்டமும் ஏதோ ஓரிடத்தில் பிழையாகிவிடும்.

முதலாவது தவறு, விடுமுறையைப் பார்த்து நாள் குறிப்பது. வெளிநாட்டு உறவினர்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான். மடு அன்னையின் ஆவணித் திருவிழாவும் ஓகஸ்ட் 15 இல் வருவதால், அதனோடு சேர்த்து ஆற்றுப் பயணத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த நாட்களில் கனகராயன் ஆற்றிலும் பறங்கியாற்றிலும் பாலியாற்றிலும் மணலைத்தான் காணலாம். அருவியாறுகூடப் பல இடங்களில் மணல் திட்டுகளும் இடையிடையே மடுக்களுமாகச் சுருங்கிவிடும். எஞ்சியிருக்கும் அந்த மடுக்களில்தான் முதலைகளும் வந்து ஒதுங்கும். ஆகவே, நீர் வற்றும் காலத்தில் ‘கொஞ்சத் தண்ணீர்தானே, பயமில்லை’ என்று இறங்குவது, நிறைந்த ஆற்றில் இறங்குவதைவிடச் சில வேளைகளில் ஆபத்தானது.

இதற்கு நேர்மாறான தவறு, மழை கொட்டும் கார்த்திகை மார்கழியில் ஆறு நிறைந்து ஓடுவதைக் கண்டு இறங்குவது. வன்னிக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரைதான் கிடைக்கிறது. அந்த நீர் முதலில் காட்டையும் வயலையும் நிரப்பி, குளங்களை நிரப்பி, பின்னர் மேலதிக நீர் வழியும் வான் வழியே பாய்ந்து ஆற்றுக்கு வருகிறது. 2018 டிசம்பர் பிற்பகுதியில் பெய்த பெருமழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மக்கள் வெள்ளத்தால் இடம்பெயர்ந்ததையும் நாம் மறந்திருக்க முடியாது. தைப்பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, கரையோர மணல் திட்டுகள் மெல்லத் தலைகாட்டத் தொடங்கும் காலமே மிதவைப் பயணத்துக்கு ஏற்றது. அது சில ஆண்டுகளில் மாசி முழுவதும் நீடிக்கும். சில ஆண்டுகளில் இரண்டு கிழமைகளோடு முடிந்துவிடும். எனவே பயணத்துக்கு ஒரு நாளைத் தேர்ந்து மற்றவற்றை அதற்கேற்ப இழுப்பதைவிட, மூன்று நான்கு நாட்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஆறு இடம்தரும் நாளில் புறப்படுவதே நல்லது.

தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் பெரிய தவறு. அருவியாறு 164 கிலோமீற்றர் நீளமுடையது. அநுராதபுரப் பகுதியின் மழையையும் அங்குள்ள குளங்களின் மேலதிக நீரையும் சுமந்துகொண்டே அது மன்னாருக்கு வருகிறது. மடுப் பக்கம் வெயில் எறித்துக்கொண்டிருக்க, முதல் நாள் மேலே பெய்த மழையின் நீர் இங்கே வந்து சேரும். கனகராயன் ஆற்றிலோ, இரணைமடுவுக்கு மேலே உள்ள ஆறும், கீழே சுண்டிக்குளக் களப்பை நோக்கிப் போகும் ஆறும் நடைமுறையில் இரண்டு வெவ்வேறு ஆறுகள். மேற்பகுதி மழையைப் பொறுத்தது. கீழ்ப்பகுதி வான்கதவைப் பொறுத்தது. கீழ்ப்பகுதியில் பயணம் செய்ய எண்ணுபவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்தில் கேட்காமல் இறங்கவே கூடாது. அருவியாற்றுக்குத் தந்திரிமலையில் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் அந்த அளவை முதல் நாளும் அன்று காலையும் பார்த்து, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிந்துகொள்ளலாம். ஏறிக்கொண்டிருந்தால் பயணம் இல்லை. கரையில் ஒரு குச்சியை நீர் தொடும் இடத்தில் நட்டு, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் இதே விடை கிடைக்கும்.

அணைக்கட்டுகளையும், வீதி ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த தாம்போதிகளையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளாமல் போவது உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. குஞ்சுக்குளத்துக்கு அருகிலுள்ள தேக்கம் அணைக்கட்டு அருவியாற்றின் நீரைக் கட்டுக்கரைக்குளத்துக்கும் அகத்திமுறிப்புக்கும் திருப்புகிறது. இத்தகைய ஒரு கட்டை ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து, நீர்மட்டத்தில் இருந்தபடி பார்ப்பவருக்குத் தடுப்பு எதுவும் தெரியாது. ஆறு ஓரிடத்தில் நேர்கோடாக முடிவதுபோலத் தோன்றும். அதற்கப்பால் மரங்களின் மேற்பாதி மட்டும் தெரியும். இரைச்சல் கேட்கும் வேளையில் இழுவை தொடங்கியிருக்கும். கட்டின் அடியில் விழும் நீர் மேல்நோக்கிச் சுருண்டு திரும்பவும் கட்டை நோக்கியே இழுப்பதால், அதற்குள் அகப்பட்டவர் நன்றாக நீந்தத் தெரிந்தவராயினும் வெளியேறுவது மிகக் கடினம். தாம்போதிகளின் கீழுள்ள குழாய்களும் அப்படியே. நீர் உள்ளே இழுக்கும். உள்ளே அடைபட்டிருக்கும் கொப்புகள் ஆளை வெளியே விடா. கட்டுக்கு நூறு மீற்றருக்கு முன்னரே கரையேறி, மிதவையைத் தூக்கிக்கொண்டு நடந்து, கீழே மீண்டும் இறங்குவதைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். சிறுபோகத்துக்கு நீர் விடப்படும் பெரிய வாய்க்கால்கள் தெளிவாகவும் நேராகவும் ஓடுவதைக் கண்டு அவற்றில் மிதக்க எண்ணுவோரும் உண்டு. கொங்கிறீற்றுச் சரிவில் பிடித்து ஏற எதுவும் கிடையாது. முடிவில் மதகு இருக்கும். வாய்க்கால் இதற்கானது அல்ல.

மணல் அகழ்ந்த குழிகளைப் பற்றி வெளியூரார் அறிவதில்லை. முழங்காலளவு நீரில் மிதவையை இழுத்துக்கொண்டு நடப்பவரின் காலடியில் மணல் திடீரெனச் சரியும். அடுத்த அடி தலைக்கு மேல் ஆழமாக இருக்கும். நீரின் மேற்பரப்பில் இதற்கு எந்த அடையாளமும் தெரியாது. நடக்க வேண்டிய இடங்களில் ஒருவர் மாத்திரம் உயிர்காப்பு அங்கியோடு முன்னே சென்று, நீண்ட கம்பை ஊன்றிப் பார்த்த பின்னரே மற்றவர்கள், சிறப்பாகப் பிள்ளைகள், இறங்க வேண்டும்.

மிதவையைத் தேர்வதில் என் கருத்து உறுதியானது: வன்னி ஆறுகளில் லொறி ரியூப் வேண்டாம். முதலை உள்ள நீரில் இடுப்பும் காலும் தொங்கவிட்டபடி மிதப்பதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. நன்னீர் முதலைகள் இங்குள்ள குளங்களிலும் ஆறுகளிலும் உண்டு. முகத்துவாரங்களை அண்டி அவற்றைவிடப் பெரிய உவர்நீர் முதலைகளும் இருக்கும் என்பதால், பயணத்தைக் கழிமுகம்வரை நீட்டாமல் மேலேயே முடித்துக்கொள்ள வேண்டும். உடல் முழுவதும் நீர்மட்டத்துக்கு மேல் இருக்கத்தக்க, தட்டையான அடியுடைய வள்ளமோ உறுதியான காற்றுப் படகோ ஏற்றது. ஊர் மீனவர் ஒருவரை உரிய கூலி கொடுத்து அழைத்துச் செல்வதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எந்த மடுவில் எது கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

உயிர்காப்பு அங்கியை அணிந்தால் மட்டும் போதாது. அணிந்தவரின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும்; அங்கி காதுவரை எழும்பினால் அது நீரில் அவரைக் காப்பாற்றாது. பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைகளுக்குக் கட்டிவிடும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

நீருக்குள் சரிந்து கிடக்கும் மரங்கள் பார்வைக்குச் சாதுவானவை. நீர் கொப்புகளுக்கு ஊடே போய்விடும். ஆளும் படகும் அதில் சிக்கி நிற்கும். தூரத்தில் கண்டவுடன் மறுகரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். மோதுவது தவிர்க்க முடியாததாகிவிட்டால், மரத்தை நோக்கியே உடலைச் சாய்க்க வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீரோட்டம் வரும் பக்கத்தால் படகில் நீர் ஏறி அது கவிழும். தாழ்ந்த மருதங்கொப்புகளில் இலைகளை ஒட்டி முசுறு கூடு கட்டியிருக்கும். படகு அதில் உரசினால் சிவப்பு எறும்புகள் தலையிலும் கழுத்திலும் கொட்டும். கடி தாங்காமல் எல்லோரும் ஒரே பக்கம் எழும்பும்போதுதான் படகு கவிழ்கிறது. யாராவது நீரில் விழுந்தால், வேகமான நீரில் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை நீர் போகும் திசைக்கு நீட்டி, கரைப்பக்கமாக ஒதுங்க வேண்டும்.

கண்ட கரையில் எல்லாம் இறங்கிச் சமைக்கலாம் என்று நினைப்பது வன்னியில் செய்யக்கூடாத தவறு. 2017 இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த பின்னரும் போர்க்கால மிதிவெடிகளை அகற்றும் பணி தொடர்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளம் வெடிபொருட்களைப் புரட்டிக் கொண்டுவந்து வேறிடத்தில் போடக்கூடும் என்பதால், ஆற்றங்கரை விடயத்தில் கூடுதல் அவதானம் வேண்டும். மிதிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று கருதாதீர்கள். ஊரார் நாளாந்தம் குளிக்கும் துறை, மாடு இறங்கும் தடம், மீனவர் வள்ளம் கட்டும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே கிராம அலுவலரிடமும் ஊரவரிடமும் கேட்டுக் குறித்து, அவற்றில் மட்டும் இறங்குங்கள். இயற்கைக் கடன் கழிக்கவும் தடத்தை விட்டுப் பற்றைக்குள் போக வேண்டாம். பழக்கமற்ற இரும்புப் பொருள் எதையும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

தூரத்தை வீதிக் கணக்கில் போடுவதும் தவறு. மெல்லிய நீரோட்டத்தில் மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீற்றர்தான் போகலாம். வளைவுகளும், அணைக்கட்டைச் சுற்றி நடப்பதும், சாப்பாடும் சேர்ந்தால் அதுவும் குறையும். முதல் பயணத்துக்கு ஆறு கிலோமீற்றர் தாராளம். காலை ஏழு மணிக்கு இறங்கிப் பிற்பகல் மூன்றுக்குள் கரையேறிவிட வேண்டும், ஏனெனில் பொழுது சாயத் தொடங்கினால் யானைகள் தண்ணீருக்கு வரும். ஆற்றில் யானையைக் கண்டால் மேலேயே கரையொதுங்கி, அது விலகும்வரை சத்தமின்றிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கரையேறும் துறை நீரிலிருந்து பார்க்கும்போது முற்றிலும் வேறாகத் தெரியும் என்பதால், முதல் நாளே அங்கு போய், மேற்பக்கத்திலிருந்து கண்ணில் படும்படி ஒரு மரத்தில் சிவப்புத் துணி கட்டிவைத்து, பயணம் முடிந்ததும் அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்று நீரைக் குடிக்கக் கூடாது. வயல் மருந்துகள் அதில்தான் வந்து சேர்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்தது. காலில் புண் உள்ளவர் நீரில் இறங்காமல் இருப்பதும், தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்னரே கேட்பதும், பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்வதும் அவசியம். மது அருந்தியவரைப் படகில் ஏற்றாதீர்கள்.

அனுமதி விடயத்தில், மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015 இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை; அவற்றின் எல்லைக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிப் போகக் கூடாது. ஏனைய காட்டுப் பகுதிகளுக்கு வனத் திணைக்கள அலுவலகத்தில் கேட்க வேண்டும். காட்டுக்குள் பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது. ஆகவே இறங்கும் துறை, ஏறும் துறை, ஆட்களின் பெயர்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஊரில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் பிந்தியும் தகவல் வராவிட்டால், 119 இல் பொலிசாரையும் 117 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் அவர் அழைக்க வேண்டும், அம்புலன்சுக்கு 1990. அந்த மூன்று இலக்கங்களையும் அதே தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது.