'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா? ஒரே சொல்லின் பல பொருள்களைப் பிரித்தறியும் முறை

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்'. பிறகு அந்த இடத்தை 'ரன்' பிடித்துக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. வாக்கியத்தில் மூன்று இடங்களைப் பார்க்கப் பழகினால் போதும்: முன்னால் நிற்பது யார் அல்லது எது, பின்னால் நேராக ஒரு பெயர்ச்சொல் வருகிறதா, ஒட்டிக்கொண்டு ஒரு குட்டிச் சொல் வருகிறதா.

படி 1: மூன்று வடிவங்கள்

ரன், ரேன், ரன். இறந்தகாலம் 'ரேன்', 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' வந்தால் மறுபடி 'ரன்'. "ஐ ஹேவ் ரேன்" என்பது பிழை. செயப்பாட்டு வினையிலும் இதே கதைதான்: "தி ஸ்கூல் இஸ் ரன் பை எ டிரஸ்ட்". இங்கே 'ரேன்' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

படி 2: எழுவாயைப் பாருங்கள்

இந்த இடத்தில் தமிழே கை கொடுக்கும். மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது என்று நாமும் சொல்கிறோம், ஆங்கிலத்திலும் அப்படியே. திரவம் என்றால் வேறு வினை தேடவேண்டும். குழாய் என்றால் தண்ணீர் கொட்டுகிறது, மூக்கு என்றால் ஒழுகுகிறது, துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது. "மை நோஸ் இஸ் ரன்னிங்" சரி. ஆனால் பெயராகச் சொல்லும்போது 'ரன்னி நோஸ்' என்பதே வழக்கு, 'ரன்னிங் நோஸ்' அல்ல.

அசையாத பொருளும் 'ரன்' ஆகும். "தி ஃபென்ஸ் ரன்ஸ் அலாங் தி ரோடு" என்றால் வேலி சாலையோரமாக நீண்டு செல்கிறது. வேலி அங்கேயேதான் இருக்கிறது என்பதால் இங்கே 'இஸ் ரன்னிங்' போடக்கூடாது. "தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்" என்பதில் வேகம் பற்றிய பேச்சே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு, அவ்வளவுதான். "ஐ ஆம் ரன்னிங் லேட்" என்று சொல்பவர் காரில் உட்கார்ந்திருக்கலாம்.

படி 3: நேராக ஒரு பெயர்ச்சொல் வந்தால்

பெரும்பாலும் 'நடத்து', 'இயக்கு' என்று பொருள். கடையை, கம்பெனியை, பரிசோதனையை, கணினி நிரலை 'ரன்' செய்யலாம். 'ரன் எ மாரத்தான்' மட்டும் இரண்டுவிதமாக நிற்கும்: ஓடுகிறாரா, ஏற்பாடு செய்து நடத்துகிறாரா என்பதைச் சூழல்தான் சொல்லும். 'ரன் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'ரன் எ ரிஸ்க்' என்றால் ஆபத்துக்கு இடம் கொடுப்பது.

தேர்தலில் நிற்பதை அமெரிக்கர்கள் 'ரன் ஃபார்' என்பார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது 'ஸ்டாண்ட் ஃபார்'.

படி 4: குட்டிச் சொற்கள்

அதிகம் தடுமாறுவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

'ரன் அவுட்': தீர்ந்துபோவது. ஆள் எழுவாயாக இருந்தால் 'ஆஃப்' கட்டாயம்: "வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்". பொருளே எழுவாயானால் 'ஆஃப்' கூடாது: "தி மில்க் ரேன் அவுட்". 'பால் தீர்ந்துவிட்டது' என்ற நம் அமைப்பிலிருந்து போகிறவர்கள் "மில்க் இஸ் ரன் அவுட்" என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹேஸ் ரன் அவுட்' என்பதே சரி. 'ரன் அவுட் ஆன்' என்று மாறினால் பொருளே வேறு: துணையையோ குடும்பத்தையோ கைவிட்டு ஓடிப்போவது. கிரிக்கெட் 'ரன் அவுட்' இவற்றோடு சேராத தனிக் கணக்கு.

'ரன் இன்டு': எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, மோதிக்கொள்வது, சிக்கலில் மாட்டுவது. தொகை வந்தால் 'அந்த அளவை எட்டுவது'. இதை எப்போதும் பிரிக்காதீர்கள்: "ஐ ரேன் இன்டு ஹிம்" மட்டுமே சரி.

'ரன் ஓவர்': வண்டி ஏற்றிவிடுவது. இதைப் பிரிக்கலாம்: "தி கார் ரேன் ஹிம் ஓவர்". நண்பரை வழியில் பார்த்ததைச் சொல்லும்போது 'இன்டு'வுக்குப் பதிலாக 'ஓவர்' போட்டால் கேட்பவர் போலீஸைக் கூப்பிடுவார். கூட்டம் 'ரன் ஓவர்' ஆனால், குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது.

'ரன் டவுன்': பேட்டரி என்றால் சார்ஜ் இறங்குவது, ஆள்மேல் என்றால் மட்டம் தட்டுவது. 'ரன் அப் எ பில்': செலவைக் கூட்டிக்கொண்டே போவது. 'ரன் திஸ் பை யூ': ஒரு யோசனையை உங்கள் காதில் போட்டு அபிப்பிராயம் கேட்பது, அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி வரும்.

படி 5: முழுசாகக் கற்கவேண்டிய மரபுத்தொடர்கள்

இவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்தால் ஒன்றும் கிடைக்காது. 'இன் தி லாங் ரன்': நாள்பட. 'டிரை ரன்': ஒத்திகை. 'ஆன் தி ரன்': பிடிபடாமல் தலைமறைவாக. 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி': பரம்பரையாக வருவது. 'ரன் ஆஃப் தி மில்': சாதாரணம், ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வரும் சரக்கைக் குறித்ததுதான் பிறகு இப்படி விரிந்தது. 'கட் அண்ட் ரன்' கப்பல்காரர்களின் பேச்சு: நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுக் காற்றின் போக்கில் தப்பிப்பது. 'ரன் அமாக்', அதாவது வெறிபிடித்துத் திரிவது, மலாய் மொழியின் 'அமுக்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'தி ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. 'தி' போட்டுப் பன்மையில் சொல்லும்போது கொஞ்சம் கவனம்.

படி 6: பயிற்சி

ஒரு நோட்டில் 'ரன்' வரும் வாக்கியத்தை முழுசாக எழுதி, எதிரே தமிழ் வினையை மட்டும் எழுதுங்கள். 'ரன் = ஓடு' என்று தனிச்சொல்லாக எழுதாதீர்கள்; அப்படி எழுதினால் அடுத்த வாக்கியத்திலேயே தப்பும். நாளைக்கு மூன்றுக்குமேல் வேண்டாம். இன்றைக்கு இந்த மூன்று:

"தி ப்ளூ ஷர்ட் ரேன் இன் தி வாஷ்."
"தி ரிப்பேர்ஸ் ரேன் இன்டு தௌசண்ட்ஸ்."
"இட் ரெய்ன்ட் ஃபோர் டேஸ் ரன்னிங்."

விடை: முதலாவதில் துவைத்தபோது சாயம் போயிற்று. இரண்டாவதில் பழுதுபார்த்த செலவு ஆயிரக்கணக்கில் போயிற்று. மூன்றாவதில் 'ரன்னிங்' வினையே அல்ல: எண்ணும் காலமும் சொன்னபின் கடைசியில் வந்தால் 'தொடர்ந்து' என்று பொருள். நான்கு நாள் விடாமல் மழை.