அண்மை அகச்சிவப்புப் படம்: ஹபிளா, வெப்பா? எந்தக் கேமராவின் தரவை எடுப்பது?

ஹபிள், வெப் விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவு கிடைக்கும் மாஸ்ட் காப்பகத்தில் ஒரு நெபுலாவின் பெயரைத் தட்டினால் ஹபிளின் கேமராக்களான நிக்மாஸ், டபிள்யூஎஃப்சி3, வெப்பின் நிர்கேம், நிரிஸ் என்று வரிசையாக வந்து நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் யோசிக்காமல் வெப் தரவை இறக்குகிறார்கள். பல நேரம் அது சரி, எப்போதும் அல்ல. ஃபிட்ஸ் கோப்பை (வானியல் படங்களைச் சேமிக்கும் வடிவம்) திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: அலைநீளம்

தொலைநோக்கியின் பெயரை மறந்துவிட்டு, உங்களுக்கு வேண்டியது எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஹபிளின் டபிள்யூஎஃப்சி3 அகச்சிவப்பில் 0.8 முதல் 1.7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் பார்க்கும். ஹபிளின் கண்ணாடி ஏறக்குறைய அறை வெப்பநிலையில் இருப்பதால், அதற்கு மேல் தொலைநோக்கியின் சொந்த வெப்பமே படத்தில் ஏறிவிடும். உணரியை அந்த எல்லையோடு நிறுத்தியதன் காரணம் இதுதான். ஹைட்ரஜன் வாயு ஒளிரும் குறிப்பிட்ட அலைநீளங்களில் ஒன்றான பாஷன்-ஆல்ஃபா கோடு 1.87 மைக்ரானில் இருக்கிறது, அதற்கு நிக்மாஸ் (2.5 மைக்ரான் வரை) அல்லது நிர்கேம் (0.6 முதல் 5 வரை) வேண்டும். வெப்பின் இன்னொரு கருவியான மிரி 5 மைக்ரானுக்கு மேல், இந்த வேலைக்குத் தேவையில்லை.

படி 2: பிக்சல் அளவு

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. எனக்கும் இங்கேதான் அதிக நேரம் பிடித்தது.

ஹபிளின் கண்ணாடி 2.4 மீட்டர். 1.6 மைக்ரானில் அது பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம் சுமார் 0.14 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). டபிள்யூஎஃப்சி3-இன் பிக்சலோ 0.13. அதனால் ஒரு விண்மீனின் மையம் கிட்டத்தட்ட ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கூர்மையாக்கும் கருவிகள் இதற்கு உதவாது. தொலைநோக்கியைப் பிக்சலின் பின்ன அளவுகளில் நகர்த்தி எடுத்த பல படங்கள் இருந்தால், அவற்றை டிரிசில் முறையில் 0.065 ஆர்க்செகண்ட் பிக்சலுக்கு இணைக்கலாம். எத்தனை படங்கள் அப்படி எடுக்கப்பட்டன என்று பார்த்துவிட்டே இறக்குங்கள்.

வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர். 2 மைக்ரானில் நுணுக்கம் 0.063, நிர்கேமின் குறுஅலைப் பிக்சல் 0.031. இரண்டு பிக்சல் கிடைக்கிறது, படம் வழவழப்பாக வரும். 2 மைக்ரானுக்குக் கீழே போகப் போக நிர்கேமுக்கும் ஹபிளின் இதே சிக்கல் எட்டிப் பார்க்கும்.

நிர்கேம் ஒளியைப் பிரித்துக் குறுஅலை, நெட்டலை இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. நெட்டலைப் பிக்சல் 0.063. வண்ணப் படம் செய்யும்போது கையால் அளவு மாற்றி ஒட்டாதீர்கள். கோப்பில் உள்ள வான் ஆயத்தொலைவுகளை வைத்து நெட்டலைப் படத்தைக் குறுஅலைக் கட்டத்துக்கு மாற்றுங்கள். இதற்கு நான் பரிந்துரைப்பது சிரில் என்ற மென்பொருள். இலவசம், விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முதல் பார்வைக்கு டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருள் போதும்.

படி 3: பரப்பு

டபிள்யூஎஃப்சி3 காட்டுவது 136க்கு 123 ஆர்க்செகண்ட், இடைவெளி இல்லாமல். நிர்கேமில் 2.2 ஆர்க்நிமிடச் (ஒரு ஆர்க்நிமிடம் 60 ஆர்க்செகண்ட்) சதுரங்கள் இரண்டு, நடுவே 44 ஆர்க்செகண்ட் வெற்றிடம். குறுஅலை உணரிகளுக்கு இடையேயும் சின்னச் சின்ன சந்துகள் உண்டு. பொருள் சிறியதாக இருந்து நிரிஸ் தரவும் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன்: ஒரே உணரி, சந்து இல்லை.

படி 4: தேதி

256க்கு 256 பிக்சல்தானே என்று நிக்மாஸை ஒதுக்காதீர்கள். 1997 முதல் 2008 வரையிலான வானம் அதில்தான் இருக்கிறது. எச்ஆர் 8799 விண்மீனைச் சுற்றும் கோள்கள் 2008-இல் அறிவிக்கப்பட்ட பிறகு, அவற்றில் ஒன்று 1998-இன் நிக்மாஸ் படத்திலேயே இருந்தது தெரியவந்தது. நகரும், மாறும் பொருளுக்குப் பழைய படம் பொக்கிஷம்.

பின்சேர்க்கை

வெப் படத்தில் பிரகாசமான விண்மீன்களின் நடுவே கறுப்புப் புள்ளி வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அந்தப் பிக்சல்கள் நிரம்பி வழிந்ததால் மதிப்பு நீக்கப்பட்டிருக்கிறது. படம் அழகுக்கு என்றால் வெள்ளையால் நிரப்பலாம். ஒளிர்வை அளப்பதற்கு என்றால் அந்த விண்மீனை விட்டுவிடுங்கள்.

ஹபிளின் எஃப்105டபிள்யூ, எஃப்110டபிள்யூ வடிகட்டிகளில் பின்னணி ஏறி இறங்கினால், அது பூமியின் மேல் வளிமண்டல ஹீலியம் 1.083 மைக்ரானில் ஒளிர்வதால் இருக்கலாம். எஃப்125டபிள்யூ இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.