ஸ்பிரின்ட்டுக்குள் பயனரைக் கொண்டுவருவது எப்படி

மென்பொருள் வேலையை இரண்டிரண்டு வாரத் தவணைகளாக வெட்டி, தவணைக்கு ஒரு ஸ்பிரின்ட் என்று ஓடும் டீம்களில் டிசைனரைக் கேட்டால் "யோசிக்க நேரமே தருவதில்லை" என்பார், டெவலப்பரைக் கேட்டால் "பாதி ஸ்பிரின்ட் போன பிறகுதான் ஃபிக்மாவில் வரைந்த டிசைன் ஃபைல் கைக்கு வருகிறது" என்பார், எதை எப்போது கட்டுவது என்று முடிவெடுக்கும் ப்ரொடக்ட் ஓனர் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தியே களைத்துப்போயிருப்பார். மூன்று பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்த ஆப்போடு தினமும் மல்லுக்கட்டப் போகிற ஆள் இந்தப் பேச்சில் எங்கேயுமே இல்லை.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். பயனர்கள் வரும் நாளை முதலில் காலண்டரில் குறித்துவிடுங்கள். அவர்களிடம் என்ன காட்டுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மற்ற எல்லா வேலையும் அந்த நாளைச் சுற்றித் தானாக ஒழுங்குக்கு வரும்.

டிசைனும் அஜைலும் (சின்னச் சின்னத் தவணைகளில் செய்து, காட்டி, திருத்தும் மென்பொருள் முறை) ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதே பெரிது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் அந்த வாடிக்கையாளரின் நாற்காலியில் காசு கொடுப்பவரோ ப்ரொடக்ட் ஓனரோ உட்கார்ந்துவிடுகிறார், சிக்கல் அங்கே தொடங்குகிறது. ஒரு கிளினிக்குக்கு டோக்கன் போடும் ஆப் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காசு கொடுப்பவர் கிளினிக் நிர்வாகி. டோக்கன் போடுபவர் காய்ச்சல் அடிக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் போனைத் தட்டும் அம்மா. நிர்வாகிக்குப் பிடித்த திரை அந்த அம்மாவுக்கு உதவும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

டிசைன் பக்கத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. பயனரை மையமாக வைத்து வடிவமைப்பது என்ற பேச்சு 1986இல் டொனால்ட் நார்மனும் ஸ்டீபன் டிரேப்பரும் தொகுத்த நூலுக்குப் பிறகு பரவியது. 1999இல் ஐஎஸ்ஓ 13407 என்ற சர்வதேசத் தரநிலையாகி, 2010இல் ஐஎஸ்ஓ 9241-210 ஆக மாறி, 2019இல் திருத்தம் கண்டது. அந்தத் தரநிலையே, செய், பயனரிடம் காட்டு, மாற்று, மறுபடி காட்டு என்றுதான் சொல்கிறது. பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் சேவைகளுக்கான தரநிலையில் 2019 முதல் 14 அம்சங்கள். முதலாவது, பயனரையும் அவர் தேவையையும் புரிந்துகொள்வது. ஏழாவது, அஜைல் முறையில் வேலை செய்வது. இரண்டும் ஒரே பட்டியலில் நிம்மதியாக இருக்கின்றன. ஆக, கொள்கையில் சண்டை இல்லை, எந்த வேலை எந்த வாரம் என்பதில்தான் சண்டை.

பயனர் நாள்

ஸ்பிரின்ட் திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால், இரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமையைப் பயனர் நாளாக வையுங்கள். புதன்கிழமை உட்கார்ந்து பேசலாம், வியாழன் வெள்ளியில் பேக்லாக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை, சீர்செய்யலாம், அடுத்த திங்கள் ஸ்பிரின்ட் பிளானிங்குக்குள் கற்றுக்கொண்டது உள்ளே வந்துவிடும். வெள்ளிக்கிழமை வைத்தால் அது அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு எட்டாது, எட்டாதது பெரும்பாலும் எப்போதுமே எட்டாது.

எத்தனை பேர்? ஐந்து பேர் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைத் தெரிந்துகொண்டு சொல்வது நல்லது. பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கணக்கு அது: சராசரியாக ஒரு பயனர் 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிக்கொடுத்தால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். அரிதாக நடக்கும் சிக்கலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் சொன்னதன் சாரமும் வேறு. 15 பேரை வைத்து ஒரே ஒரு பெரிய சோதனை செய்வதைவிட, ஐந்தைந்து பேராக மூன்று முறை செய்து நடுநடுவே திருத்துவது மேல். இது ஸ்பிரின்ட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. ஆளுக்கு 45 நிமிடம், ஆறு பேரைக் கூப்பிடுங்கள், ஒருவர் எப்படியும் வரமாட்டார்.

"காட்ட ஒன்றும் தயாராகவில்லையே" என்ற பேச்சு நிச்சயம் வரும். அதற்காக நாளைத் தள்ளிப்போடாதீர்கள். தாளில் வரைந்த படம் இருக்கிறதா, அதைக் காட்டுங்கள். ஸ்டேஜிங்கில், அதாவது சோதனைக்கான சர்வரில், பாதி வேலை செய்யும் பில்டு இருக்கிறதா, அதைக் காட்டுங்கள். எதுவுமே இல்லையென்றால் போன தடவை டாக்டரைப் பார்க்கப் போனது எப்படி நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அல்லது இப்போது அவர்கள் பயன்படுத்தும் வேறு ஆப்பில் டோக்கன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாள் நகராது என்று தெரிந்துவிட்டால் டீம் தானாகவே சீக்கிரமாகவும் சின்னதாகவும் வரைய ஆரம்பிக்கும்.

இதில் உண்மையான உழைப்பு ஆட்களைப் பிடிப்பதில்தான். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வர விருப்பமுள்ளவர்களின் பட்டியலைத் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே இருங்கள், ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பக்கத்து கியூபிக்கிளில் இருப்பவரையும் அவர் நண்பரையும் கூப்பிட்டு முடித்துவிடாதீர்கள், ஆப் எப்படி இயங்கும் என்று தொழில்முறையிலேயே தெரிந்தவர்கள் அவர்கள். உங்கள் பயனர்கள் பழைய ஆண்ட்ராய்டு போனும் விட்டுவிட்டு வரும் நெட்டும் வைத்திருப்பவர்கள் என்றால் அந்தப் போனிலேயே சோதனை நடக்கட்டும். டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வைத்துத் திரையைக் காதால் படிப்பவர் ஒருவரையும் தவறாமல் அழையுங்கள், ஒவ்வொரு தடவையும் முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு ஸ்பிரின்ட்டிலாவது.

நம் ஊரில் சோதனை நடத்துகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும், எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை அது. ஆகவே அபிப்பிராயம் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். "நாளைக்குக் காலை பத்து மணிக்கு மேல் உங்கள் அம்மாவுக்கு டோக்கன் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தடுமாறும்போது உதவக் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கே தேடுகிறார், எதைத் தட்டுகிறார், எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறார் என்பதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். பேச்சு அவர் வீட்டில் பேசும் தமிழில் இருக்கட்டும். ப்ரோட்டோடைப்பில் (முன்மாதிரியில்) உள்ள எழுத்தும் உண்மையான தமிழ் எழுத்தாக இருக்க வேண்டும், ஆங்கில நீளத்துக்கு வரைந்த பட்டனில் தமிழ் வாசகம் போட்டால் அது மடிந்து விழுவதை ரிலீஸுக்குப் பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒரு அடி முன்னால்

டிசைன் எவ்வளவு முன்னால் ஓட வேண்டும்? இதற்குக் கனடாவின் டொரொன்டோவில் இருந்த ஏலியஸ் நிறுவனத்தின் அனுபவம் (பிறகு ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது) இன்றைக்கும் நல்ல பாடம். அங்கே வேலை பார்த்த லின் மில்லர் 2005இலும் டெசிரே சை 2007இலும் அதை விரிவாக எழுதினார்கள். டெவலப்பர்கள் இந்த ஸ்பிரின்ட்டில் கட்டிக்கொண்டிருக்கும்போது, டிசைனர்கள் அடுத்த ஸ்பிரின்ட்டுக்கானதை வரைந்து சோதிக்கிறார்கள், அதற்கடுத்த ஸ்பிரின்ட்டுக்கான தகவலைப் பயனர்களிடமிருந்து சேகரிக்கிறார்கள், போன ஸ்பிரின்ட்டில் கட்டி முடித்ததைப் பயனர் கையில் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதல் ஸ்பிரின்ட்டில் டிசைன் எதுவும் தயாராக இருக்காதே, அப்போது டெவலப்பர்கள் என்ன செய்வது? திரை வேலை குறைவாகவும் தொழில்நுட்ப வேலை அதிகமாகவும் உள்ளவற்றை எடுத்துக்கொள்வார்கள். நம் டோக்கன் ஆப்பில் லாகின், டேட்டாபேஸ், எஸ்எம்எஸ் அனுப்பும் இணைப்பு இதெல்லாம் அந்த ரகம்.

இந்த ஏற்பாட்டில் ஆபத்தும் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிசைன், டெவலப்மென்ட் என்ற இரண்டு தண்டவாளமும் தனித்தனியாக ஓட ஆரம்பித்தால், ஒன்றை முழுதாக முடித்தே அடுத்ததைத் தொடங்கும் பழைய வாட்டர்ஃபால் முறைதான் இரண்டு வார அளவில் திரும்பி வரும்: டிசைனர் வரைந்து வீசுவார், டெவலப்பர் வாங்கிக் கட்டுவார். அதனால் ஒரு டெவலப்பராவது வாரத்தில் சில மணி நேரம் டிசைனரோடு உட்கார வேண்டும், வரையும்போதே "இந்தத் தகவல் சர்வரோடு பேசும் ஏபிஐயில் வராது, ஆனால் இப்படிச் செய்தால் வரும்" என்று சொல்ல வேண்டும். டிசைனர் தினமும் நடக்கும் சின்ன ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு வர வேண்டும். டிசைனை ஒரு டெவலப்பர் முதன்முதலாகப் பார்ப்பது ஒப்படைப்பு மீட்டிங்கில்தான் என்றால் அந்த ஸ்பிரின்ட் அப்போதே சிக்கலில் இருக்கிறது.

ரொம்ப முன்னால் ஓடுவதும் வேண்டாம். மூன்று ஸ்பிரின்ட்டுக்குத் தேவையானதைப் பளபளவென்று வரைந்து அடுக்கினால், நடுவில் பயனர் ஒருவர் எதிர்பாராத ஒன்றைக் காட்டும்போது அதை மாற்ற யாருக்கும் மனசு வராது. புத்தம் புதிய ப்ராடக்ட் என்றால் கதை வேறு, அங்கே பிரிட்டிஷ் அரசு செய்வதுபோல முதலில் எதையும் கட்டாமல் பிரச்சினையை மட்டும் புரிந்துகொள்ள ஒரு கட்டம், பிறகு தூக்கிப்போடத் தயாராக இருக்கும் முன்மாதிரிகளுக்கு ஒரு கட்டம், அதன் பிறகே உண்மையான பயனர்கள் கைக்குப் போகும் பீட்டா.

எதை எந்த ஸ்பிரின்ட்டில் எடுப்பது என்று பிரிக்கும்போது திரை திரையாகப் பிரிக்காதீர்கள். "இந்த ஸ்பிரின்ட் டாக்டர் பட்டியல் திரை, அடுத்தது நேரம் தேர்வு திரை" என்று போனால் மூன்று ஸ்பிரின்ட் முடிந்தும் ஒருவராலும் ஒரு டோக்கன் போட முடியாது. ஜெஃப் பேட்டன் பரப்பிய ஸ்டோரி மேப் இங்கே கைகொடுக்கும். பயனர் செய்யும் செயல்களை இடமிருந்து வலமாக வரிசையாக ஒட்டுங்கள்: உடம்பு சரியில்லை, டாக்டரைத் தேடுகிறார், நேரம் பார்க்கிறார், டோக்கன் போடுகிறார், கிளம்புகிறார், காத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் கீழே அதைச் செய்யத் தேவையானவற்றை முக்கியத்துவப்படி ஒட்டிவிட்டு, குறுக்காக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது மெலிசாக இருந்தாலும் ஆரம்பம் முதல் முடிவு வரை போக வேண்டும், ஒரே டாக்டர், ஒரே கிளினிக், காலை நேரம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. டீம்கள் வேலைகளைப் பதிந்துவைக்கும் ஜிராவில் மேலிருந்து கீழாக நீளும் பட்டியலில் இந்த முழுப் பயணம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

எல்லோரும் பார்க்க வேண்டும்

ஆராய்ச்சி அறிக்கை எழுதாதீர்கள், நாற்பது பக்கம் யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக டீமையே பார்க்க வையுங்கள். பயனர் ஆராய்ச்சி நிபுணர் ஜாரெட் ஸ்பூல் சொல்லும் குறைந்தபட்ச அளவு, டீமில் ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பயனரை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது. பேக்எண்ட் டெவலப்பரும் டெஸ்டரும் இதில் அடக்கம். பயனரோடு அறையில் இரண்டு பேர் மட்டும் இருங்கள், மற்றவர்கள் வேறு அறையில் வீடியோவில் பார்க்கட்டும். ஒரு ஒட்டுத்தாளுக்கு ஒரு விஷயம், கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். "பயனருக்குக் குழப்பம்" என்று எழுதாமல் "ரத்து செய்ய மூன்று தடவை பின்னால் போய்விட்டு, கிளினிக்குக்கே போன் பண்ணுவேன் என்றார்" என்று எழுதுங்கள். அப்படி ஒரு காட்சியைத் தானே பார்த்த டெவலப்பரிடம் அந்த டிக்கெட் (ஜிராவில் பதியும் வேலைக் குறிப்பு) ஏன் முக்கியம் என்று யாரும் வாதாட வேண்டியதில்லை.

மறுநாள் ஒரு மணி நேரம் போதும். ஒட்டுத்தாள்களைச் சேர்த்து, இப்போதே சரிசெய்யக்கூடியது, அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு எடுப்பது, இன்னும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது என்று குவியல் போடுங்கள்.

இன்னும் வேகமாகவும் போகலாம். மைக்ரோசாஃப்ட்டில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் பயிற்சிப் பகுதியைச் சோதித்தவர்கள் பின்பற்றி, 2002இல் எழுதிவைத்த முறை ஒன்று உண்டு. ஒரு சிக்கலும் அதன் தீர்வும் பளிச்சென்று தெரிந்தால் அடுத்த ஆள் வருவதற்குள்ளேயே மாற்றிவிடுவார்கள், மாற்றியது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அடுத்தடுத்து வருபவர்களிடம் பார்ப்பார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அறையில் இருந்தால்தான் இது நடக்கும். ப்ரோட்டோடைப் நிலையில் இதை அவசியம் முயன்று பாருங்கள்.

டிக்கெட்டும் நேரமும்

"ஒரு பயனராக எனக்கு இது வேண்டும்" என்று நாமே கற்பனையில் ஒரு பயனரை உண்டாக்கி எழுதும் டிக்கெட்டுகளை நான் நம்புவதில்லை. பார்த்ததை எழுதுங்கள்: "ஐந்தில் மூன்று பேர் டோக்கன் உறுதியானதா என்று தெரியாமல் மறுபடி போட்டார்கள். உறுதியான உடனே எஸ்எம்எஸ் வந்தால் இது நிற்கும் என்று நினைக்கிறோம். ரிலீஸுக்குப் பின் இரட்டை டோக்கன்கள் குறைகின்றனவா என்று பார்ப்போம்." வேலை முடிந்தது என்று ஏற்பதற்கான நிபந்தனையில் "முதல்முறை வருபவர் யார் உதவியும் இல்லாமல் ரத்து செய்ய முடிகிறது" என்று ஒரு வரி சேருங்கள், டெஸ்டருக்கும் அது பயன்படும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது நேர ஒதுக்கீடு. பயனர் நாளில் கிடைப்பதைச் சரிசெய்ய ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைக் காலியாக வையுங்கள், என்ன வேலை என்று தெரியாமலேயே. ப்ரொடக்ட் ஓனருக்கு இது வலிக்கும், ஸ்டேக்ஹோல்டர்கள் "சும்மா விடும் நேரமா" என்று கேட்பார்கள். அவர்களையும் ஒரு தடவை வீடியோ அறையில் உட்கார வையுங்கள். இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் கண்டுபிடித்தது எல்லாம் பேக்லாக்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும், நேரம் ஒதுக்கி வந்து உங்கள் முன்னால் தடுமாறிக் காட்டிய அந்த மனிதர்களுக்கு அது அநியாயம்.

மூன்று டீமுக்கு ஒரே டிசைனர் என்றால் மூன்றிலும் இதைத் தொடங்காதீர்கள், ஒன்றில் மட்டும் நடத்துங்கள். டிசைனரே இல்லாத சின்ன டீமிலும் முடியும், ஒரு டெவலப்பர் உட்கார்ந்து கேட்பார், இன்னொருவர் குறிப்பெடுப்பார். அடுத்த ஸ்பிரின்ட்டின் செவ்வாய்க்கிழமையை இன்றைக்கே எல்லோர் காலண்டரிலும் போட்டுவிட்டு, முதல் ஆளுக்குப் போன் பண்ணுங்கள்.